ரம்பத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

மாமா,

உங்கள் ரம்ப மெஷினின் ஃபென்ஸ் பட்டை நேராகிவிட்டது. சொன்னவள் அக்கா. நேற்று மாலை நானே அளவுகோலை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முன்பக்கம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் எவ்வளவு இடைவெளியோ, பின்பக்கமும் அவ்வளவே.

ஆடுகோடி வீட்டின் பின்புற ஷெட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இங்கே ஒரு பலகைகூட அறுபடவில்லை. ஆனாலும் மழைக்காற்று தகரத்தைத் தட்டும்போதெல்லாம் கருகிய தேக்கின் வாசனை வருகிறது. மூலையில் சாய்த்து வைத்திருக்கும் அந்தப் பாதி அறுத்த பலகையிலிருந்து வருகிறது என்று அக்கா சொல்கிறாள். மூக்கை வைத்துப் பார்த்தேன், உண்மைதான்.

ஓசூர் ரோட்டுத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த ரம்ப மெஷினை இறக்கினீர்கள். தெருவே வந்து பார்த்தது. புத்தக அலமாரி, சாமி மாடம், செருப்பு ஸ்டாண்டு என்று அக்கம்பக்கத்தார் கேட்டதையெல்லாம் செய்தீர்கள். நன்றாகவும் செய்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மேசை மட்டும் நீங்கள் செய்யவே இல்லை. மெஷினுக்குப் பின்னால், அறுபட்டு வெளியே வரும் நீளப் பலகையைத் தாங்க ஒரு மேசை வேண்டும். அந்த இடத்தில் அக்காவை நிறுத்தினீர்கள். நீங்கள் முன்னாலிருந்து தள்ளுவீர்கள், அவள் பின்னாலிருந்து பிடித்து இழுப்பாள். மரத்தூள் முழுக்க அவள் முகத்தில்.

“ஏன் மாமா, ஒரு மேசை போட்டுக்கலாமே” என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்குடா மேசை? கட்டிக்கிட்டு வந்திருக்கேனே, நாலு காலுக்குப் பதிலா ரெண்டு கால்ல நிக்குது” என்றீர்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் மேசை. “மேசை, டீ கொண்டா.” “மேசை, பக்கத்து வீட்டுக்காரரு வந்திருக்காரு பாரு.” பக்கத்து வீட்டு மஞ்சுநாத் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தி, “சாக்கு சார், மேடம் பாப” என்று, போதும், பாவம் என்று, கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார். நீங்கள் கேட்கிற ஆளா?

பின்னால் நிற்கிறவளுக்குத்தான் பின்னால் நடப்பது தெரியும். பலகையை ஒட்டித் தள்ளும் அந்த நீளப் பட்டை, அதாவது ஃபென்ஸ், பின்பக்கம் அரை நூல் உள்ளே சாய்ந்திருந்தது. பலகை அங்கே போனதும் பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவில் நெருக்குப்படும். நெருக்கினால் கருகும். நெருக்கம் மிஞ்சினால், சுற்றுகிற பிளேடு பலகையை வந்த வழியே திருப்பி அடிக்கும். அதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு உண்டு. அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று கழற்றிப் பெயின்ட் டப்பா மூடி திறக்க வைத்துக்கொண்டீர்கள்.

“இங்க பிடிக்குதுங்க. மரம் கருகுது, பாருங்க. அந்தப் பட்டைய ஒரு தடவை சரி பண்ணிடுங்க” என்று அக்கா சொன்ன நாளில் நானும் இருந்தேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். “பேப்பர்காரா, இதை எழுதிக்கோ. மேசைக்கு வாய் முளைச்சிருக்கு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தேக்குப் பலகை பாதியில் இறுகிக்கொண்டது. “இழுடி!” என்று கத்தினீர்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் இழுத்தாள். பலகை உங்கள் பக்கமாகப் பாய்ந்தது. நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள், அதை விடாமல் பிடித்திருந்த அவளுடைய இடது கை ஒதுங்கவில்லை, பிளேடுக்கு இழுபட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் இல்லை. இந்த விவரம் அக்காவும் மஞ்சுநாத்தும் தனித்தனியாகச் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நான் ஓடி வந்தபோது உங்கள் சட்டையில் ரத்தம் இருந்தது. முகத்தில் கலவரமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாய் பழைய வாய்தான். “ஒண்ணுமில்லடா. மேசையில ரெண்டு மூலை உடைஞ்சுபோச்சு” என்றீர்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் கண் விழித்துப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஷெட்டுக்குள் வரவில்லை. நீங்கள் கூப்பிடவும் இல்லை. பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயின. அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், வேளைக்கு மாத்திரை கொடுத்தாள். வைட்ஃபீல்டிலிருந்து உங்கள் மகள் நித்யா வரும்போதெல்லாம், “அம்மா மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது மாமா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். அதுவும் உண்மை.

ஆனால் நித்யா வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். மற்ற நாட்களின் பிற்பகல்களை அவள் பார்க்கவில்லை.

ஒரு வேலைநாளில் நான் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தேன். சக்கர நாற்காலியில் உங்களை மெஷினுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள், சரியாக அவள் நின்ற இடத்தில். மேலே அந்தப் பாதி அறுத்த தேக்குப் பலகை. அதன் நுனியில் உங்கள் இடது கையை எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு முன்பக்கம் போய் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அழுத்தவில்லை, நின்றாள். உங்கள் கை நடுங்கியது. பலகையும் சேர்ந்து நடுங்கி இரும்பில் தடதடவென்று தட்டியது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“பேசக் கூடாது” என்றாள் அக்கா. “மேசை பேசுமா?”

கொஞ்ச நேரம் கழித்து, “சரி, இன்னிக்கு இது போதும்” என்று உங்கள் வாயைத் துடைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அப்போதுதான் கவனித்தேன். மெஷினின் பிளக் சுவரில் இல்லை. முன்பக்கம் அவள் நின்ற இடத்தில் தரையில் கிடந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

“இதெல்லாம் வேணாம் அக்கா, நிறுத்து” என்றேன்.

“பலகையப் பிடிக்கத்தானடா சொன்னேன்? வேற என்ன பண்ணேன்? கரண்டே இல்லாத மெஷினு.”

“அது அவருக்குத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சா நின்னேன்?”

அன்று கிளம்பும் முன் உங்கள் காதருகே குனிந்து, “மாமா, பயப்படாதீங்க, பிளக் மாட்டல” என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். புரிந்துதான் மூடினீர்களா, களைப்பில் மூடினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வந்தபோதும் அதே பலகை, அதே நடுக்கம். நம்பவில்லையா? இல்லை, பிளக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டதா? நிருபராக எத்தனையோ வழக்குகளில் யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதைத் தோண்டி எடுத்திருக்கிறேன். இது ஒன்று உறுதியாகவில்லை. இனிமேல் கேட்க ஆளும் இல்லை.

தூக்கத்திலேயே போனீர்கள். காரியம் முடிந்ததும் நித்யா, “மெஷினை வித்துடும்மா, அதைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்றாள். அக்கா ஒரே பதிலாகச் சொன்னாள்: “வித்துடலாம். ஆனா நான் ஒரு தடவை ஓட்டணும். முன்னால நின்னு.”

அதற்காகத்தான் இந்த மராமத்து. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். போன வாரம் ஃபென்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்ற நான்தான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் பொட்டு ஒன்று இருந்தது. செய்த இடத்திலேயே வைத்து அனுப்புகிற பொட்டு, போல்ட்டைத் திருப்பினால் உடைந்துவிடும். ஒன்றுகூட உடையவில்லை, மாமா. அத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருமுறைகூட அதில் சாவியை வைத்துப் பார்க்கவில்லை.

அக்கா அந்தப் பொட்டுகளை வெகுநேரம் பார்த்தாள். மூன்று விரல் கையால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியைத் திருப்பினாள். பொட்டு உதிர்ந்தது. பட்டையை நேராக்கி, முன்னும் பின்னும் அளந்து, மறுபடி இறுக்கி முடித்தபோது அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கியிருக்கவில்லை.

“இவ்வளவுதானாடா?” என்றாள். அழவில்லை. உள்ளே போய்ப் பாலை இறக்கினாள்.

நான் இன்னும் சுமப்பது என்னவென்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டலோ, மாவு மில்லோ, யார் வீட்டு மிக்ஸியோ, எந்த மெஷினைக் கண்டாலும் என் கண் முதலில் பிளக்கைத் தேடுகிறது.

மெஷினுக்குப் பின்னால் இப்போது ஒரு மேசை நிற்கிறது. அக்காவே செய்தாள். கால்கள் நான்கும் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலின் கால்கள். கட்டிலைப் பிரித்துக் கைரம்பத்தால் அளவாக வெட்டிக்கொண்டாள்.

பாக்கி இருப்பது பிளேடுக்குப் பின்னால் மாட்டும் அந்தத் தகடு மட்டும். பழையது வளைந்துபோய்விட்டதால் புதிதாகச் சொல்லியிருக்கிறோம். புதன்கிழமை வந்துவிடும் என்று எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் சொல்கிறார். வியாழக்கிழமை காலை அந்தத் தேக்குப் பலகையின் மீதிப் பாதியை அறுக்கப்போகிறாள்.

“நான் வரட்டுமா? பின்னால நின்னு பிடிச்சுக்கறேன்” என்றேன்.

“வா. ஆனா என் பக்கத்துல நில்லு” என்றாள். “பின்னால ஆள் இருக்கு.”