கற்பனைதான் என்று சொன்னேன்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. வழக்கமாக நலம் விசாரித்துத்தான் தொடங்குவேன். இன்று அதற்கு எனக்கு முகம் இல்லை.

அம்மாவின் முட்டிவலி தேவலை. புது மாத்திரை கேட்கிறது. பல் மருத்துவமனையில் என் வேலையும் அப்படியேதான். வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டு உட்கார வைப்பது, நடுநடுவே கைப்பேசியில் கதை எழுதுவது.

அந்தக் கதைகள் உனக்குத் தெரியும். டிவி தொடரில் வரும் இன்ஸ்பெக்டரையும் டாக்டரம்மாவையும் வைத்து இணையத்தில் நூற்றுப்பத்து அத்தியாயம். தொடர்க்காரர்கள் பிரித்துவிட்டவர்களை நான் சேர்த்து வைத்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள் என்று எழுதினால் போதும், கோபம் என்று படிக்கிறவர்களுக்கே தெரியும். அதைப் பார்த்துத்தான் ஒரு பதிப்பாசிரியர் கூப்பிட்டார். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் இரவல், சொந்தமாக ஒரு நாவல் கொடுங்கள் என்றார்.

ஆறு மாதம் முட்டி மோதினேன். என் கதாநாயகி கதவைத் திறப்பாள், அதற்கு மேல் நகரமாட்டாள். அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்று எனக்கே தெரியவில்லை. அறுபது பக்கத்தைப் படித்துவிட்டு அவர், "இதுல யாருக்கும் உயிரே இல்லையேம்மா" என்றார்.

அந்த வாரம்தான் அதைச் செய்தேன். மூன்றாம் மாதத்தில் உனக்குக் கலைந்துபோனதை, அம்மா தாங்கமாட்டாள் என்று நீ என்னிடம் மட்டும் சொன்னதை, என் கதாநாயகிக்கு நடந்ததாக எழுதினேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க நம் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுததைக்கூட விடவில்லை. ஒரே மூச்சில் பதினோரு பக்கம். எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை குட்டி. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

அந்தப் பகுதியை மட்டும் ஒரு பத்திரிகைக்குத் தரட்டுமா என்று பதிப்பாசிரியர் கேட்டார். சரி என்றேன். போன வாரம் வந்துவிட்டது. எங்கள் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படி அக்கா இப்படியெல்லாம் யோசிக்கிறீர்கள் என்றாள். கற்பனைதான் என்று சொன்னேன். நாக்கு கூசவில்லை.

நேற்று அம்மா படித்தாள். ஊறவைத்திருந்த துணியெல்லாம் அலசிப் போட்ட பிறகு வந்து நின்றாள். "தொட்டி காலியாகுதுன்னு அன்னைக்குக் கதவைத் தட்டித் திட்டினேனே. உள்ள இதுக்குத்தான் அழுதுட்டிருந்தாளா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் என்ன ஆகப்போகிறது? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். நான் அச்சிலல்லவா கொட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னைக் கூப்பிடுவாள். என்ன பேசுவதென்று தெரியாமல், அங்கே மழையா வெயிலா என்றுதான் கேட்பாள். தயவுசெய்து போனை எடு. என் எண் வந்தால் எடுக்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
அக்கா