ரேவதி எடுத்த படம்

என்னோடு சண்டை போடவே பிறந்த என் மாப்பிள்ளைக்கு,

நீ போய் ரெண்டு மாதம் ஆகிறது. இதை உன் படத்துக்கு முன்னால் நின்று தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் பெருமை பேசினவன் நான். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. கெலவரப்பள்ளி அணையில் மறுபடியும் நுரை பொங்குகிறது. கேமரா எடுத்துப் போகவில்லை. நின்று பார்த்துவிட்டு வந்தேன். முன்னே நாம் ரெண்டு பேரும் அங்கே ஒரே இடத்தில் நின்று எடுத்தோமே? உன் டிஜிட்டலில் நுரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. என் பிலிமில் குமிழி குமிழியாகத் தெரிந்தது. அதை ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வரை பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். சிப்காட் நைட் ஷிப்ட் பஸ்ஸுக்குள் தூங்கும் முகங்களை நீ எடுத்தாய். அந்த இருட்டு என் பிலிமில் வராது. அதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"எடுத்ததும் கேமராவப் பின்னாடி திருப்பிப் பாக்கறவன் போட்டோகிராபரே இல்ல" என்பேன்.

"பாக்காம நம்பறதுக்கு அது என்ன சாமியா மச்சான்?" என்பாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு, சரசுவோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டாய். கல்யாணத்துக்கு அப்புறம் என் தங்கை உன் பக்கத்தில் இருக்கிற மாதிரி உருப்படியான படம் ஒன்றுகூட இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நீதானே நின்றாய்?

நான் பிலிம் மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் மருமகள் ரேவதி உன் கேமராவைக் கையில் எடுத்தாள். அதில் என் பிலிம் மாதிரியே கருப்பு வெள்ளையில் படம் விழும்படி நீயே வைத்திருந்தாய். "அந்த டப்பாவக் கீழ வைம்மா. இது விளையாட்டு இல்ல" என்று கையை நீட்டிக் கத்தினேன்.

"அவ எடுத்தா உன் பிலிம் என்ன கரைஞ்சா போயிடும்?" என்று நீ சிரித்தாய். சரசுவும் சிரித்தாள். கீழே வைப்பதற்குள் ரேவதி ஒன்று அமுக்கிவிட்டாள்.

அந்தக் கோபத்திலேயே கேமராவை மூடினேன். பிலிம் நுனி சரியாக மாட்டியிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதை நகர்த்தும்போது மேலே இருக்கிற குமிழும் கூடவே சுற்றும். பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். பார்க்கவில்லை. ஒரு சுருள் முழுக்க உங்களை எடுத்தேன். கடைசியில் பிலிமைத் திரும்பச் சுற்றும்போது கை லேசாக இருந்தது. இழுக்கவே இல்லை. பிலிம் உள்ளே நகரவே இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது மாப்பிள்ளை. தெரியாத மாதிரி பையில் போட்டேன். ரேவதி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முன்னால் "இன்னொரு தடவை உட்காருங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ போன பிறகு கழுவினேன். ஓரத்தில் எண்கள் மட்டும். நடுவில் கண்ணாடி மாதிரி வெறுமை.

"படம் எங்கண்ணா?" என்று சரசு கேட்டுக்கொண்டே இருந்தாள். "கழுவணும்மா" என்று நாளைக் கடத்தினேன். அப்புறம் ரேவதியிடம் போய், அன்று அமுக்கினாயே, அதைக் கொடு என்று கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தாள்.

படத்தின் ஓரத்தில், அதட்டுகிற என் கை இருந்தது. ஓசூரில் பிரிண்ட் போடும் கடையில் அதை வெட்டச் சொன்னேன். அங்கிருந்த பெண் கன்னடத்தில், "பிலிம் தரா கிரெயின் பேக்கா சார்?" என்று கேட்டாள். பிலிம் மாதிரி மணல் மணலாக வேண்டுமா என்று. "ஹாக்கம்மா" என்றேன். போடு என்று சொன்னது, பிலிமுக்குப் பெருமை பேசின இந்த வாய்தான்.

உன் வீட்டுக் கூடத்தில் அதை மாட்டினோம். வந்த சொந்தக்காரர்கள், "என்ன இருந்தாலும் பிலிம் பிலிம்தான்" என்றார்கள். நான் தலையாட்டினேன். ரேவதி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பிரேம் நல்லா இருக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அதைவிட சரசு சொன்னதுதான் தாங்கவில்லை. "நீ எடுக்கறேன்னுதாண்ணா இப்படி வாய் நிறையச் சிரிக்கிறாரு." அன்று அவளும் பக்கத்திலிருந்து சிரித்தவள்தான். ஆனால் நான் கத்தியதற்கு வந்த சிரிப்பு அது என்பதை என் கையோடு சேர்த்து வெட்டிவிட்டேன். இப்போது அவள் நினைவிலும் அது மாறிவிட்டது. அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

டிஜிட்டலிடம் தோற்றுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. வெள்ளையைத் தாங்குவது பிலிம்தான், அதில் மாற்றம் இல்லை. நான் வெட்கப்படுவது கேமராவுக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு, உன் வீட்டுக்குப் போகிறேன். வெட்டாத படத்தைச் சரசு கையில் கொடுத்து, ரேவதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது இவள் எடுத்தது என்று சொல்லப் போகிறேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா, அவரு இருக்கும்போதே இன்னொண்ணு எடுத்திருக்கலாமேண்ணா" என்று அவள் கேட்பாள். பேச்சு முற்றினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறவன் நான் என்று உனக்குத் தெரியும். அன்று சரசு பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சரசுவுக்கு அண்ணனாக இன்னும் மிச்சமிருக்கும்,
உன் மச்சான்