ஏழாம் எண் குழாய்

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். தடுப்பூசிக் காய்ச்சல்தான், இறங்கிவிட்டது. ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். "நீ வைக்கிற வைப்புல தெர்மாமீட்டருக்கே காய்ச்சல் வந்துடும்" என்கிறார் அவர்.

மத்தியானம் நீ அனுப்பியதைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. உறுப்புகள் இரத்தத்தில் விடும் நுண்பைகளில், 'இது சிறுநீரகத்திலிருந்து வந்தது' என்று காட்டிக்கொடுக்கும் புரதத்தைத் தேடி இரண்டு வருடம் கண் பூத்துப்போனவள் நீ. கடைசியில் ஒன்று கிடைத்தால், ஒப்பிட எடுத்த நோயற்றவர் இரத்த வரிசையில் ஏழாம் எண் குழாயில் மட்டும் அது பத்து மடங்கா? குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று ஆய்வகத் தலைவர், நம் பெரியவர், உன்னைத் திட்டினாராமே! வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையை வேறு கைக்கு மாற்றிவிடுவாராமே!

உன் கை சுத்தம். ஏழாம் எண் நான்.

ஆய்வு விதிப்படி யாருடைய எண் எது என்று உனக்குத் தெரியக் கூடாது. அப்போது அங்கே வேலை பார்த்து லேபிள் ஒட்டிய எனக்குத் தெரியும். ஓர் ஆள் குறைகிறது என்று, "ரெண்டே நிமிஷம்டி, கையை நீட்டு" என்று நீதான் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாய். படிவத்தில் 'கர்ப்பமா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். அதற்கு முந்தின நாள்தான் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு பார்த்திருந்தேன். முந்தைய கரு இரண்டாம் மாதமே போய்விட்டதல்லவா? வாய்விட்டுச் சொன்னால் இதுவும் போய்விடும் என்று பயம். அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. படித்தவள் செய்கிற காரியமா என்று நீ கேட்பாய், கேள்.

இப்போது என்னைத் தூங்கவிடாதது வேறு. சிறுநீரகத்தின் அதே புரதத்தை நஞ்சுக்கொடியும் அனுப்புமா? ஆறே வாரத்தில், அவ்வளவா? இருப்பாளோ மாட்டாளோ என்று நான் தவித்த நாளில் இவள் என் இரத்தம் முழுக்கத் தன் முகவரியை ஒட்டிக்கொண்டிருந்தாளா? உறைபெட்டியில் ஏழாம் எண்ணின் மிச்சம் இருந்தால் அதில் கர்ப்பச் சோதனை செய்து பார். இப்போதைய என் இரத்தத்தையும் எடுத்து ஒப்பிடு. பாப்பாவுக்கு ஒன்பது மாதம். அந்தப் புரதம் இறங்கியிருக்க வேண்டும்.

படிவத்தில் பொய் சொன்னது நான்தான் என்று பெரியவரிடம் நானே சொல்கிறேன். பிரசவத்துக்காக நின்ற என்னைத் திரும்ப வேலைக்கு எடுப்பாரோ மாட்டாரோ, அது என் பாடு. நாளைக் காலை பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வரவா? சீக்கிரம் பதில் போடு.

உன்,
லேபிள்காரி