மைதா தொடாத ஞாயிறு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த சுடிதார் காயவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பியாயிற்று, பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் மறுபடி முழங்கை இடிக்கிறது. குழந்தைகள் டி-ஷர்ட், மஞ்சள். கழுத்துப் பட்டை, அந்த ரிப் துணி, அலை அலையாக வருகிறது. நிறையத் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வாங்க: ஜவ்வரிசி, முட்டை, நாட்டுச்சர்க்கரை, பூவன் பழம் (கறுத்ததே போதும், சல்லிசாகக் கொடுப்பார்கள்). பெருங்காயம் வேண்டாம்!!

பெருங்காயம் விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். மே மாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உன் குடலுக்குக் கோதுமை ஆகவில்லை, சீலியாக் என்று பெயர், கோதுமை மைதா ரவை பார்லி ஆயுசுக்கும் தொடாதே என்றார்கள். தொடவில்லை. ஆனாலும் வயிறு வீங்கிக்கொண்டே இருந்தது. போன மாதம் ரசம் தாளிக்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் கோதுமை மாவு. இத்தனை நாளும் ரசத்தில் குடித்திருக்கிறேன். இப்போது வெறும் பூண்டு, சீரகம். வயிறு அடங்கிவிட்டது.

பாக்கியம் அக்கா (பக்கத்து வீடு, பக்கத்து மேசை, சாத்தூர்க்காரி): "நமக்கென்னடி எஸ்தர், இட்லி இருக்கு, தோசை இருக்கு, சோறு இருக்கு. இது வடக்கத்திப் பிள்ளைகளுக்கு வந்திருந்தாத்தான் பாவம்."

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். சரிதான். சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் சரியில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. நாலு மணி பெல் அடித்ததும் எல்லாரும் கேட்டுக்கு எதிரே பேக்கரிக்கு. நான் மேசையிலேயே, பிளாஸ்க் டீயோடு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் பன் வேகும் வாசனை செக்கிங் வரை வருகிறது.

எனக்கு ஏக்கம் பன் மேல் மட்டும் இல்லை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள்.

சென்னியப்பன். பேக்கரி அவருடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மனைவி கொரோனாவில் போய்விட்டார், பிள்ளை இல்லை. என் தலை தெரிந்ததும் கேட்காமலேயே பன்னை இரண்டாகக் கீறி, வெண்ணெய் தடவி, கல்லில் ஓரம் கருக விட்டுத் தருவார். கருகல் பிடிக்கும் என்று எப்போதோ ஒரு தடவை சொன்னதுதான். டீ ஆறும்வரை பேச்சு. மழை, கரண்ட் கட், பஸ். வேறொன்றும் இல்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் காலையில் தலையைப் படிய வாரிக்கொண்டு வருவேன்.

கடையில் எல்லாரும் அவரை அண்ணா என்பார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. பா. அக்கா கவனித்திருக்கிறாள்.

மே மாதத்துக்குப் பிறகு போகவில்லை. அந்தக் கடைக்குள் காற்றிலேயே மாவு. ஒன்றும் வாங்காமல் போய் நின்று பேசவும் தைரியம் இல்லை. வயது முப்பத்தெட்டு.

நவம்பர் 6, வியாழன்

இன்று கேட்டில் அவர்! கேன்டீனுக்கு பிஸ்கட் போட வந்தவர்.

"ஏனுங்க, நம்ம கடைப் பக்கமே காணமுங்க. பன்னு ஏதாச்சும் சரியில்லாமப் போச்சுங்களா?"

"இல்லங்க. எனக்கு மைதா ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. கோதுமையும் ஆகாது. டாக்டர்."

"எத்தன நாளைக்குங்க?"

"சாகுற வரைக்கும்."

பிஸ்கட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப என்ற கடையில உங்களுக்கு ஒண்ணுமே ஆகாதுங்களா?"

"டீ ஆகும்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னென்ன மாவு ஆகும் என்று கேட்டார். அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, கடலை மாவு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பன் செய்து பார்க்கப்போகிறேன் என்றேன். போன் நம்பர் கேட்டார். கொடுத்தேன். எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் கோயிலில் ஆராதனை. மதியம் அடுப்பு.

ரேஷன் பச்சரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அடித்துச் சலித்தது. மில்லில் கொடுக்க முடியாது, எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். ஜவ்வரிசியும் வறுத்துப் பொடித்தேன். ஓவன் ஏது? குக்கரில் கேஸ்கட், விசில் கழற்றி, அடியில் கல் உப்பு பரப்பி, மேலே தட்டு, அதன் மேல் கிண்ணம். கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட்டில் இந்த நோய்க்காரர்களுக்கென்றே ரொட்டி விற்கிறார்கள். விலையைப் பார்த்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தவள் நான்.

பழக் கேக்: சுமார். ஓரம் நன்று, நடு களி.
பன்: பன் இல்லை. செங்கல்.

சென்னியப்பன் (இனி செ.) போன் செய்தார்! பன் எப்படி வந்தது என்று. உடைந்து பொடிப்பொடியாகிறது என்றேன்.

"மைதான்னா பிசையப் பிசைய ரப்பர் மாதர இழுக்குமுங்க. அந்த இழுவைலதான் காத்து நிக்கும். அரிசிக்கு அது இல்லீங்களே. நானும் காலைல இருந்து ரோசன பண்றனுங்க, ஒண்ணும் பிடிபடலீங்க."

"எங்க கம்பெனியில ரிப் துணி இழுத்தா திரும்பி வரணும்னு லைக்ரா சேப்பாங்க."

"அப்ப மாவுக்கு ஒரு லைக்ரா வேணுமுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பா. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 12, புதன்

லைக்ரா கிடைத்தது. இசப்கோல் உமி, மெடிக்கல் ஷாப்பில். மலச்சிக்கலுக்குக் குடிப்பது. தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று பிடித்துக்கொள்கிறது. செ. யாரையோ விசாரித்துச் சொன்னார்.

பா. அக்கா டப்பாவைப் பார்த்து: "ஏன்டி, பன்னு திங்கவா, பாத்ரூம் போகவா?"

சூப்பர்வைசர் இன்று நல்ல மூடில். கால் வலி. ஷிப்மெண்ட் நெருங்குகிறது.

நவம்பர் 15, சனி

நாலு மணிக்குக் கேட்டில் கூப்பிடுகிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். செ. கையில் புதுத் தூக்குச்சட்டி. உள்ளே பன். நிஜப் பன் மாதிரியே, மேலே பளபளவென்று.

"பூரா அரிசி மாவுங்க. இசப்கோலும் ஜவ்வரிசியும் போட்டு, கடை அடுப்புலயே வெச்சனுங்க. நாலு தடவ கெட்டுப்போயி அஞ்சாவதுதான் இது."

சூடாக இருந்தது. அங்கேயே நின்று சாப்பிட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை, மூக்குதான் ஒழுகியது.

நவம்பர் 17, திங்கள்

லீவு. சனி இரவே ஆரம்பித்துவிட்டது. வயிற்றைத் துணி பிழிவது போல. நேற்று கோயிலுக்கும் போகவில்லை. கஞ்சி மட்டும்.

பா. அக்கா பேக்கரிக்கே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே. மாவெல்லாம் அரிசிதானாம். ஆனால் தட்டில் ஒட்டாமல் இருக்க எப்போதும்போல மைதா தூவியிருக்கிறார். கைப்பழக்கம். அது நினைவிலேயே இல்லை அவருக்கு.

"ரெண்டு வார்த்தை கேட்டதுக்கு அந்த மனுஷன் மாவு மூட்டை மேலயே உக்காந்துட்டாருடி. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

ஷிப்மெண்ட் நேரத்தில் லீவு. சூப்பர்வைசர் போனை எடுக்கவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் வண்டிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செ. தெருவிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. சட்டையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டார். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். தலை வாரவில்லை என்று நின்றுவிட்டேன். தலை வாரவில்லை என்று!

நவம்பர் 21, வெள்ளி

வேலைக்குப் போகிறேன். போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை.

கேன்டீனுக்கு பிஸ்கட்டை அவர் கடைப் பையன்தான் கொண்டுவருகிறான்.

அம்மா சாத்தான்குளத்திலிருந்து: "ஏட்டி, கிறிஸ்துமஸுக்கு வருவியா? தம்பி பிள்ளைகளுக்குக் கேக்கு சொல்லணும். நீ திங்கமாட்டியே, உனக்கு என்னட்டி செய்யட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"ஒண்ணும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியே இத்தன வருசம் போயிட்டு."

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைத்தான் அம்மா சொல்கிறாள் என்று தெரியும். பொண்ணு எலும்பும் தோலுமா இருக்கா, சீக்காளி போல, என்றுவிட்டுப் போனவர்கள். அதற்கப்புறம் யார் வந்தாலும் நானே வேண்டாம் என்றுவிட்டேன். அப்போதே இந்த நோய்தான் இருந்திருக்கிறது. பெயர்தான் தெரியவில்லை.

ராகி அடை செய்தேன். உப்பு அதிகம்.

நவம்பர் 23, ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் மழை, குடை இல்லை.

ஒருவர் எனக்காக நாலு தடவை மாவைக் கெடுத்தார் என்பதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இதற்கு முன் யாரும் எனக்காக எதையும் கெடுத்துக்கொண்டதில்லை. வலித்தது உண்மை. ஆனால் அந்த வலியைவிட, நாலு மணிக்கு யாரும் வந்து நிற்காத கேட் அதிகமாக வலிக்கிறது. இப்படி எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 24, திங்கள்

போய்விட்டேன். நாலு மணிக்கு, எல்லாரோடும், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு. கடைக்குள் ஏறவில்லை, ரோட்டிலேயே நின்றேன். பா. அக்கா மற்றவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

அவர் கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஓரடி முன்னால் வைத்து, பின்னால் போய்விட்டார்.

"கிட்ட வராதீங்க. மேலெல்லாம் மாவுங்க."

"ஏன் போன் எடுக்கல?"

"என்ன மொகத்த வெச்சுட்டு எடுக்கறதுங்க? ஆசையாக் குடுத்து உங்களப் படுக்க வெச்சுப் போட்டனே."

"படுத்தேன், எந்திரிச்சிட்டேன். இந்தா நிக்கேன்லா."

நானே சொன்னேன். உங்கள் அடுப்பு வேண்டாம், உங்கள் தட்டு வேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள், என் மாவில், என் குக்கரில் செய்யுங்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அது போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"வர்ற ஞாயித்துக்கெழம கடைக்கு லீவு உட்டர்றனுங்க," என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

வீடு கழுவினேன். குக்கர், சல்லடை, கரண்டி, எல்லாம் வெந்நீரில். ஈஸ்ட் புதுப் பாக்கெட். முட்டை. இரண்டு டம்ளர்தான் நல்லதாக இருக்கிறது. இரண்டு போதும்.

நவம்பர் 30, ஞாயிறு

கோயிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு.

பதினொரு மணிக்கு வந்தார். பஸ்ஸில். வண்டி சீட்டெல்லாம் மாவாம். புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு அப்படியே. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. தலை ஈரம்.

"வெறுங்கையோட வர ஒரு மாதர இருக்குதுங்க. ஆனா என்ற கையில எதக் கொண்டாந்தாலும் பயமா இருக்குதுங்க."

கதவைத் திறந்தே வைத்தேன். பா. அக்கா கறிவேப்பிலை கேட்டு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். என் கிண்ணத்தின் முன்னால் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி நின்றார். இந்த மாவைப் பிசைய முடியாது, ஊற்றத்தான் வேண்டும். அவர் கை தானாகப் பிசையப் போகும், நான் தடுப்பேன். "ஊத்துங்க, ஊத்துங்க." கிண்ணத்தில் எண்ணெய் தடவி, அரிசி மாவு தூவினார். தூவும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "அரிசிதான்," என்றேன்.

வேகும்வரை செய்ய ஒன்றுமில்லை. அவர் நாற்காலியில், நான் கட்டிலில். மனைவியைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வர்க்கி பிஸ்கட் பிடிக்குமாம். அப்புறம்:

"நெனப்பெல்லாம் இங்கதானுங்க இருக்குது. கேக்கலாமா வேண்டாமான்னே தெரியலீங்க. நான் போற எடமெல்லாம் மைதாவுங்க. கடைய மாத்திப் போட்டுரட்டுங்களா? மளிகை, இல்லாட்டி டீ மட்டும்…"

"கடைய மாத்தாதீங்க. அது உங்க கை."

"அப்ப?"

"வெளியில பாத்ரூம் இருக்குல்லா. குளிச்சிட்டு, உடுப்ப மாத்திட்டு உள்ள வாங்க."

"தெனமுங்களா?"

அவர் கேட்ட பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. குக்கரைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு, "தினமும்தான்," என்றேன்.

பன் நன்றாகவே உப்பியிருந்தது. மைதா பன் மாதிரி இல்லை. கனம், லேசாக இசப்கோல் வாடை. பிய்த்தால் பிய்ந்தது, உதிரவில்லை. அவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, "இது பன்னில்லீங்க, ஆனா நல்லாருக்குதுங்க," என்றார். நான் மீதியைத் தின்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

வயிறு நன்று. மழை விட்டு விட்டு. மஞ்சள் லாட் முடிந்தது, இனி நீலம்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். பெயர், தொழில், முதல் மனைவி போனது, அவர் முருகன் கோயிலுக்குப் போகிறவர் என்பது. ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கம் அம்மா ஆட்டை அதட்டிக் கட்டும் சத்தம்.

"ஏட்டி."

"ம்."

"பேக்கரிக்காரர்ங்கியே. உனக்கு ஒத்துக்கிடுமாட்டி?"

"ஒத்துக்கிடும்மா," என்றேன்.