ஓவல் கல் நம் வீட்டில் இருந்த மூன்று நாள்

நைனா,

இன்று காலை உன் பேத்தி ஒரு நகைக்கடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். வழவழவென்ற காகிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் மோதிரப் படங்கள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயம். பையன் வைர மோதிரம் எடுக்கப் போகிறானாம், எது வேண்டும் என்று தேர்வு செய்கிற வேலையை இவளிடமே விட்டுவிட்டான். புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாள். ஒற்றைக்கல், ஓவல் கட்டிங்.

"எந்த எழவெடுத்த கல்லை வேணும்னாலும் எடு, இது மட்டும் வேணாம்" என்று கத்திவிட்டேன். புத்தகம் தரையில் போய் விழுந்தது. நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் என் வாயில் என்ன வார்த்தை வந்தது பார். அவள் மிரண்டுபோய், "இன்னாம்மா ஆச்சு உனக்கு? நீ போட்டுகினு இருக்கறதே ஓவல்தானே?" என்றாள். நியாயமான கேள்விதான். என்னிடம் பதிலும் இருக்கிறது, அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. உனக்கு எழுதினால் நீ படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. திருத்தணியில் அந்த வயசுப் பெண் கல்யாணமாகாமல் தெருவில் தண்ணி பிடிக்க நின்றால் குழாயடியே அடங்கிப் போகும், பிறகு குசுகுசுவென்று ஆரம்பிக்கும். மணவூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டில் எட்டாம் நாள் பசுமாடு செத்தது. அதற்கடுத்து வந்தவர்களில் பையனின் அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவ்வளவுதான், ராசியில்லாதவள் என்று பெயர் கட்டிவிட்டார்கள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது நாம் இரண்டு பேர். நீ பவர்லூம் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கும் திருத்தணிக்கும் பஸ்ஸில் அலைவாய். சாயங்காலம் வார்னிஷ் வாடையோடு வந்து, "இன்னா மகாராணி, சோறு கீதா?" என்பாய். மாடு செத்த கதை கேட்டபோது நீ சிரித்தாய். "நல்லவேளை, மாட்டுக்கு உன்னைக் கட்டிக் குடுக்கல" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டாவது இடமும் தட்டிப்போன பிறகு நீ அந்த மாதிரி கிண்டல் செய்யவே இல்லை.

மூன்றாவதாக வந்தவர் உன் மாப்பிள்ளை. அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அதற்கு முன் இரண்டு வருஷம் பம்பாயில் இருந்தவர். அங்கே நிச்சயம் என்றால் மோதிரம்தானாம், அதுவும் வைரமாம். சின்னக் கல்லாக இருந்தாலும் வைரம்தான் போடுவேன், பெண்ணே வந்து பார்த்து எடுக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு அவரை அதற்காகவே பிடித்துப்போனது. என் வயசைக் கேட்காதவர், ராசியைக் கேட்காதவர், எனக்கு எது பிடிக்கும் என்று கேட்ட முதல் ஆள்.

ஒரு வியாழக்கிழமை, நீயும் நானும் காலை வண்டியில் ஏறினோம். அரக்கோணத்தில் அவரும் அவர் அம்மாவான அத்தையும் ஏறினார்கள். சௌகார்பேட்டையில் ஒரு சேட்டு கடை. மாடிப்படி இருட்டு, மேலே வெள்ளை மெத்தை விரித்து உட்காரவைத்தான். நீலக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு மோதிரமாக எடுத்து வைத்தான். அத்தைக்கு உருண்டைக் கல்தான் வேண்டும், தோட்டில் இருப்பதுபோல. நானும் உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒன்று நீளமாக, புளியங்கொட்டை அளவுகூட இல்லை, சின்னதாக இருந்தது. கையில் போட்டதும் என் கட்டைக் குட்டை விரலே நீண்டு அழகாகிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது நைனா. கழற்ற மனசே வரவில்லை.

அத்தை என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "நடுவுல கருப்பா நெழல் மாதிரி ஓடுது பாரு. இது தோஷமில்லாம வேற இன்னாவாம்?" என்றாள். சேட்டு பதறிப்போய், "தோஷம் இல்லேம்மா, ஓவல் கட்டிங்குல அந்த நெழல் வரும். எல்லாத்துலயும் வரும்" என்றான். நீ குனிந்து பார்த்துவிட்டு, "மோட்டார்ல கருப்பு இருந்தா கருகினதுன்னு அர்த்தம். கல்லுல இருந்தா அழகு போலருக்குது சம்மந்தியம்மா. புள்ளைக்குப் புடிச்சுப் போச்சு, வுடுங்க" என்றாய். உன் மாப்பிள்ளையும் அதையே சொன்னார். அத்தை இறங்கி வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

வைரத்தை யாரும் எடுத்தவுடன் போட்டுக்கொள்வதில்லை என்பது நமக்கும் தெரிந்ததுதான். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் நோய்நொடி, அடிதடி, கெட்ட கனவு என்று ஏதாவது வந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கடைக்காரனும் வாங்கிக்கொள்வான். திரும்பி வரும்போது ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தை சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "உங்க வீட்டுலயே வைங்கண்ணே. வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கக்கெழம காலையில நாங்க வந்து கேக்கறோம். ஒத்துக்கலைன்னா மறைக்காம சொல்லிடுங்க. கல்லு ஒத்துக்கலைன்னா பொண்ணும் எங்க வீட்டுக்கு ஒத்துக்கலைன்னுதான் நான் எடுத்துக்குவேன். எனக்கு இருக்கறது ஒரே புள்ள."

அன்றைக்கே மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்துக்குக் கீழே வைத்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க நான் வீட்டுக்குள் பூனைபோல நடந்தேன். பால் பொங்கி வழிந்துவிடக் கூடாது, டம்ளர் உருண்டுவிடக் கூடாது. நீ வேண்டுமென்றே கதவுக்குப் பின்னால் நின்று தும்முவதுபோல மூக்கைப் பிடித்துக் காட்டினாய். "ஐயோ நைனா, சும்மா இரு" என்று உன் முதுகில் ஒன்று வைத்தேன்.

சனிக்கிழமை நீ ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "நெஞ்சுல யாரோ ஒலக்கைய வெச்சு அழுத்தறா மாதிரி கீதும்மா. டாக்டர் வீட்டாண்ட போயி காட்டிகினு வந்துடட்டா?" என்று என்னைக் கேட்டாய். ஊரில் ஒரு பெரிய மனுஷன் நீ, உன் உடம்பை நீயே கொண்டுபோய்க் காட்ட மகளிடம் அனுமதி கேட்டாய். ஏன் கேட்டாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் வீட்டுக்கு எதிர்வீடு அத்தையின் அக்கா வீடு. அந்த அம்மா விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஜன்னலை விட்டு நகராது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சேதி அரக்கோணம் போய்ச் சேர ஒரு வேளை ஆகாது.

நான் தெருவை எட்டிப் பார்த்தேன். நீதான், "வாயுவாத்தான் இருக்கும், காலையில தின்ன போண்டா" என்றாய். நான் அந்த வார்த்தையைத் தாவிப் பிடித்துக்கொண்டேன். "ஆங் நைனா, வாயுதான்" என்று சொல்லிப் பூண்டு தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தேன். நீ அதைக் குடித்துவிட்டு, "இப்போ தேவல" என்றாய். தேவலை இல்லை என்று உன் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ வாளித் தண்ணீரைத் தூக்கப் போய்ப் பாதியில் வைத்துவிட்டாய். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாய். இரண்டு பொத்தான் போட்டிருப்பாய். நான் போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன். "நாளைக்குக் காலையில வந்துட்டுப் போயிடுவாங்க. ஒரு நாள் நைனா. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கயேன்" என்றேன். நீ பொத்தானைக் கழற்றிவிட்டுச் சட்டையைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினாய். கோபமாக ஒரு வார்த்தை, ஒரு சலிப்பு, எதுவும் இல்லை. திட்டியிருக்கலாம் நீ. "என் உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சாடி" என்று ஓர் அறை விட்டிருந்தால் நான் வழியை விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை அவர்கள் வந்தபோது நீ குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் இருந்தாய். எழுந்து நின்று கும்பிட்டாய். அத்தை உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: "இன்னாண்ணே, மூணு நாளும் வீட்டுல எல்லாம் சௌக்கியந்தானே?"

"ஒரு கொறையும் இல்ல சம்மந்தியம்மா. நல்லாகீறோம்."

அத்தை மஞ்சள் துணியைப் பிரித்து, கல்லை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். நீ தெருமுனை வரைக்கும் அவர்களோடு போய் ஸ்டேஷனுக்கு ஜட்கா வண்டி ஏற்றிவிட்டு வந்தாய். வந்ததும், "இப்போ போலாமாம்மா?" என்று கேட்டாய். இன்னொரு ஜட்கா பிடித்து உன்னை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ரயில் தாமதம், அவர்கள் இன்னும் ஸ்டேஷனிலேயே இருந்தார்கள். உன் மாப்பிள்ளை ஓடி வந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று அவரே உனக்குக் கொள்ளி வைத்தார்.

அத்தை என்ன சொல்வாளோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். உன்னை வாசலில் கிடத்தியிருந்தபோது அந்தக் கவலையும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது. அவளோ வந்தவர்களிடம் எல்லாம், "மூணு நாளும் ஒண்ணும் ஆவல. நாலாம் நாளு, நல்ல சேதி பேசி முடிச்ச பொறவு, படுத்துக் கெடக்காம சொகமாப் போயிட்டாரு. கல்லுமேல பழி இல்ல. நல்ல கல்லு" என்றாள். வருஷம் திரும்புவதற்குள் நடத்திவிட வேண்டும் என்று அவளே முன்னால் நின்று மலைமேல் கோயிலில் தாலி கட்டவைத்தாள். பிறகு என்னைப் பெற்ற பெண்போலத்தான் வைத்துக்கொண்டாள். சாகும்வரைக்கும் என்னை ராசிக்காரி என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் சமையற்கட்டுக்குள் போய்விடுவேன்.

டாக்டர் வீட்டில் நடந்ததைத் தாண்டி எழுதிவிட்டேன். தெரிந்தேதான் தாண்டினேன்.

உன்னை மேஜைமேல் படுக்கவைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, அத்தையின் அக்கா, ஜன்னலை விட்டு இறங்கி வந்து கதவோரம் நின்றிருந்தது. டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நிமிர்ந்து, "எத்தினி நாளா வலி இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். நான் கதவோரத்தைப் பார்த்தேன். "இன்னிக்குக் காலையிலதான் டாக்டர்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உன் பக்கம் குனிந்து, "பெரியவரே, நெசமாச் சொல்லுங்க. முன்னாடியே வலி இருந்துதா?" என்று கேட்டார்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். எதிர்வீட்டு அம்மாவையும் பார்த்தாய். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆங்... இன்னிக்குத்தாங்க" என்றாய்.

நீ கடைசியாகப் பேசியது அது. உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு மருந்து கொடுத்திருப்பாரா, பிழைத்திருப்பாயா, எனக்குத் தெரியாது. நான் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான். உன் மாப்பிள்ளை கேட்டார், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், வளர்ந்த பிறகு உன் பேத்தியும் கேட்டாள், தாத்தாவுக்கு உடம்பு எத்தனை நாள் முடியாமல் இருந்தது என்று. எல்லோருக்கும் நீ சொன்னதையே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மூணு நாள் நைனா. சனிக்கிழமையிலிருந்து, மூணு நாள் உனக்கு வலி இருந்தது.