விழாத குறும்பராஜா

திருமுல்லைவாயில்,
12-3-1936

அன்புள்ள மாப்பிள்ளை சின்னசாமிக்கு, பரந்தாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தங்கவயலில் நீங்களும் தங்கை நாகவல்லியும் நலமா?

போன வருஷத் திருவிழாக் கூத்தோடு நமக்குள் பேச்சு நின்றுபோயிற்று. சோழன் அனுப்பிய தொண்டைமான் நான். புழல் கோட்டைக் குறும்பராஜா நீங்கள். நான் வெட்டினால் நீங்கள் விழ வேண்டும், அதுதானே கதை? எத்தனை வெட்டு வெட்டியும் தூண் மாதிரி நின்றீர்களே! ஊரே சிரித்தது. கோபத்தில் நானும் ஏதேதோ பேசிவிட்டேன்.

இந்த வருஷம் உங்கள் வேஷத்துக்கு உள்ளூர் ஜம்புலிங்கத்தைப் பழக்கிப் பார்த்தோம். வாளை உருவுமுன்பே விழுந்துவிடுகிறான். மகள் வராத திருவிழா என்றால் நைனாவுக்குச் சோறு இறங்காது. வாருங்கள். வந்து, தயவுசெய்து விழுந்துவிடுங்கள்.

அன்புடன்,
பரந்தாமன்


தங்கவயல்,
20-3-1936

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைப் பார்த்து உங்கள் தங்கை அழுதாள். நான் விழாததற்குக் காரணமே அவள்தான். வேஷம் கட்டும்போது கேட்டாள்: "கோட்ட அவனுது. பூந்து அடிக்க வந்தவன் சோழன் ஆளு. அவன் இன்னாத்துக்கு உழணும்?" களத்தில் அது ஞாபகம் வந்தது. முழங்கால் மடங்கவில்லை.

வருகிறோம். ஆனால் இந்த முறை தொண்டைமான் கிரீடம் எனக்கு, குறும்பராஜா நீங்கள். ஒரு தரம் விழுந்து பாருங்கள், தெரியும்.

இப்படிக்கு,
சின்னசாமி


திருமுல்லைவாயில்,
2-4-1936

மாப்பிள்ளைக்கு,

நைனா தாம்தூம் என்று குதித்தார். "நம்ம ஊட்டு கிரீடம்! நம்ம வம்சத்துல எவனும் கூத்துல தோத்ததில்ல!" என் வீட்டுக்காரி அன்னம்மாள்தான் கேட்டாள், "அட்ட கிரீடத்துக்காவ பொண்ண உட்டுடப் போறியா மாமா?" அடங்கிவிட்டார்.

புறப்பட்டு வாருங்கள். விழுவது பெரிய வித்தையா? ஒரே வெட்டில் விழுந்து காட்டுகிறேன்.

பரந்தாமன்


தங்கவயல்,
18-5-1936

அன்புள்ள மச்சானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அன்னம்மாள் அக்கா கட்டிக்கொடுத்த முறுக்கு ஜோலார்பேட்டையைத் தாண்டவில்லை. பிறந்த வீட்டுக்குப் போய்வந்ததில் நாகவல்லிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரே வெட்டு என்று எழுதியது யார்? "உழு மச்சான், வுடியப் போவுது" என்று களத்தில் உங்கள் காதோடு கெஞ்சினேன். "எங்கோட்டடா இது, நீ போடா!" என்றீர்கள். உங்கள் கண்ணைப் பார்த்தேன், அது வேஷமில்லை. போன வருஷம் எனக்குள் வந்ததும் அதுதான் மச்சான். அந்த நிமிஷமே என் கோபமெல்லாம் போய்விட்டது.

மாமாவைப் பார்த்தீர்களா? துண்டைச் சுழற்றி, "உழாதடா! உழாத!" என்று கத்தினாரே! கூத்து வாத்தியார் வேறு வழியில்லாமல் மங்களம் பாடியபோது நாம் இருவருமே நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த வருஷம் குறும்பராஜா நான்தான் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மாமாவின் கார்டு வந்துவிட்டது. அந்த வேஷம் அவருக்கு வேண்டுமாம். கிரீடத்துக்குத்தான் இனி ஆள் தேட வேண்டும்.

என்றும் உங்கள்,
சின்னசாமி