இலைக்கு முன்னால் பூ

மார்ச் 9, திங்கள்

விடியற்காலை மழை. ரொம்ப நாள் கழித்து. லேடாங் மலை தெரியவே இல்லை.

தங்கச்சி கமலாவின் முதல் திவசத்துக்கு வாங்க வேண்டியது: சாம்பிராணி, வாழை இலை, நல்லெண்ணெய், அவளுக்குப் புதுச் சேலை. தங்காக்கில் அவள் வேலை செய்த துணிக்கடைக்கே போகலாமா என்று யோசனை. போனால் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். வேறு கடைதான்.

இனிமேல் க. என்று எழுதுகிறேன். தங்கச்சி பெயரை முழுதாக எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது.

மழை விட்டதும் துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். மங்குஸ்தீன் மரத்தடி, க. தன் ஒற்றை இலைச் செடியை வைத்த இடம். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டபோது அங்கிருந்து தோண்டி வந்தது. வருசத்துக்கு ஒரே ஒரு இலை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும், பிறகு காய்ந்துபோகும். பூத்தது கிடையாது. இந்த இலையும் தையில் காய்ந்துவிட்டது.

இன்று அங்கே வெறும் மண்ணில் ஒரு காம்பு. இலை இல்லை, ஒன்றும் இல்லை. நுனியில் இரண்டு மொட்டு.

புடவையை உதறாமலே கொடியில் போட்டிருக்கிறேன். சுருக்கம்.

மார்ச் 11, புதன்

பூத்துவிட்டது. இரண்டும் தலை குனிந்து. வெளி இதழ் ஒல்லி, பச்சையும் பழுப்பும் கலந்தது. நடுவில் மட்டும் ரோஸ், அதில் கோடு கோடாக. வாசம் இல்லை. பெரிய அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

க. போன வருசம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குக்கூட இந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள். "பூத்துச்சின்னா எனக்கு படம் எடுத்து அனுப்புக்கா." எனக்குப் படம் அனுப்பத் தெரியாது என்று சொன்னேன். "கத்துக்க" என்றாள்.

திவசம் இருபத்திரண்டாம் தேதி. அது வரைக்கும் பூ தாங்காது. அதனால் நாளைக்கே கிள்ளி, மல்லிகைச் சரத்தை வைக்கிற மாதிரி ஈரத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். அன்றைக்கு அவள் படத்துக்கு இந்தப் பூதான்.

ஆனால் டாக்டர் சாந்தி நினைவு வந்துவிட்டது. யூனிவர்சிட்டி டாக்டர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவராம். க. போனில் போட்ட இலைப் படத்தை எங்கேயோ பார்த்து முந்தின வருசம் வீடு தேடி வந்தார். அந்த வருசத்து இலையைக் கேட்டு வாங்கிப் போனார். பூவைப் பார்க்காமல் இது இன்னது என்று பேர் சொல்ல முடியாது, பூத்தால் கூப்பிடுங்கள் என்று சொன்னார். க. சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அவள் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நம்பர் அதில் இருந்தது. கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகு வருத்தமாக இருந்தது. ஐஸ் பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்துவிட்டேன், எதற்கும்.

மார்ச் 12, வியாழன்

வெயில். டாக்டர் வந்தார். க. விஷயம் தெரியாமல் "கமலா எங்க அக்கா?" என்று கேட்டார். சொன்னேன். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து படத்தைக் கும்பிட்டார்.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் நா, டாக்டர் என்று கேள்விப்பட்டு வந்து முழங்காலை நீட்டிவிட்டார். நோன்பு நாளில் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. "நான் செடிக்கு டாக்டர், மக்சிக்" என்று டாக்டர் மலாயில் அத்தை முறை வைத்துச் சொன்னார். "பரவாயில்லை, இதுவும் மரமாகத்தான் போய்விட்டது" என்றார் காக் நா. ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு.

டாக்டர் மண்ணில் பாய் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். படம் எடுத்தார், அளந்தார். என்னைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்.

"நடுவுல ரோஸா இருக்குல்ல, அதத்தான் உதடுன்னு சொல்வோம். இந்தச் செடிச் சாதியில பேர் சொல்றதே அத வச்சித்தான். மேல முடி தெரியுதா?"

தெரிந்தது. மெல்லிய முடி. உதடு என்று அவர் சொன்னதும் எனக்கு ஆஸ்பத்திரிதான். கடைசியில் க. உதடு வெடித்துக் கிடந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வைத்தேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நிறத்தைப் பூ வாடுவதற்குள் எழுதணுமாம். காய வைத்தால் எல்லாம் ஒரே பழுப்பு. க. கொடுத்த இலைக்கும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்: மேலே பச்சை, மடிப்பு மடிப்பு, அடியில் கத்திரிப்பூ நிறம். கத்திரிப்பூ என்று சொன்னது க. தானாம். சேலைக் கடைப் பேச்சு.

பிறகு கேட்டார். "அக்கா, காம்போட ரெண்டு பூவும் வேணும். ஒண்ணு பாட்டில்ல, ஒண்ணு பேப்பர்ல அழுத்தி. ஆனா அது உங்க செடி. படம் மட்டும் போதும்னா அப்படியே போயிடறேன்."

நான் திவசத்தைச் சொன்னேன். ஐஸ் பெட்டியையும் சொன்னேன். டீ குடித்தோம். பிஸ்கட் நமுத்திருந்தது.

படத்துக்கு வைத்தால் க. பூவைப் பார்த்த மாதிரி ஆகும். சரி. ஆனால் அவள் பூவைப் பார்க்கவா காத்திருந்தாள். பேர் தெரியணும் என்றுதான் காத்திருந்தாள்.

கத்தியை நானே கொண்டு வந்து கொடுத்தேன்.

டாக்டர் மண்ணோடு ஒட்டக் காம்பை வெட்டினார். கிழங்கைத் தோண்டவில்லை. இந்தப் பூ போன பிறகுதான் இலை வருமாம். இரண்டும் ஒன்றாக நிற்பதே இல்லை. அதனால் பூ ஒருவர் கையிலும் இலை வேறொருவர் கையிலும் கிடைத்து, புத்தகத்திலேயே ஒன்றின் பூவுக்கு மற்றதன் இலையைச் சேர்த்துவிடுவார்களாம். இதன் உதடு அவர் பார்த்த எதோடும் ஒத்துப்போகவில்லை. க. கொடுத்த இலையும் இந்தப் பூவும் ஒரே கிழங்குதான் என்று யாராவது கண்ணால் பார்க்கணும். பார்த்தால்தான் பேர் எழுத முடியும்.

காம்பு வெட்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டு, சிவப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

யாராவது என்றால் நான்தான்.

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் வரவில்லை. சேலை வாங்கினேன், மாம்பழக் கலர். பஸ்ஸில் வரும்போது கலர் பிடிக்காது என்று தோன்றியது. மாற்றப் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நோன்புப் பெருநாள், ராயா லீவு. தம்பி மணியம் தெப்ராவிலிருந்து வந்துவிட்டான், திவச வேலைக்கு. நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கொல்லை முழுக்க மருந்து வாசம்.

புல் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். தோட்டத்தில் மருந்து அடித்து வளர்ந்தவன். துக்க வீட்டில் விசேஷம் என்றால் வாசலும் கொல்லையும் பளிச்சென்று இருக்கணும் எங்களுக்கு. மங்குஸ்தீன் மரத்தடியிலும் அடித்துவிட்டான்.

"குச்சி எங்கடா?"

"என்ன குச்சி? கயிறு கட்டி ஒண்ணு கெடந்துச்சி. தூக்கிப் போட்டேன்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெளியே நின்று, "என்னக்கா, என்னக்கா" என்றான். கடைசியில் சொன்னேன்.

"அந்த ஒத்த எலையா? ஒத்த எலைய வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் பெரிய தோட்டக்காரி மாதிரி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். பிறகு சின்னக் குரலில், "அவ வர்ற நாள்ல வீடு காடா கெடக்கலாமாக்கா? அதான் அடிச்சேன்."

திட்ட முடியவில்லை. சவப்பெட்டியில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன்தான்.

சாயங்காலம் அவனே வந்து சொன்னான். "இந்த மருந்து பச்சையில பட்டாத்தான் உள்ள எறங்கும். அங்க பச்சையே இல்லியேக்கா. வெறும் மண்ணு. கெழங்குக்கு எப்படிப் போவும்?" நானும் அந்தப் பம்பைத் தூக்கியவள்தான். அவன் சொல்வது நியாயம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். இருக்கலாம், காத்திருந்து பாருங்கள் என்றார். காத்திருந்து பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்.

மணியம் குச்சியைத் தேடி எடுத்து மறுபடி நட்டான். இடம் சரியா என்று அவனுக்கே தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

திவசம் நல்லபடி நடந்தது. படையல்: நண்டுப் பிரட்டல், முட்டை சம்பல், பையில் கட்டின தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் டீதான். வாழை இலை பத்தவில்லை. கொல்லை சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். மணியம் தலையை நிமிர்த்தவில்லை.

படத்துக்குக் கடை மல்லிகை. பூ யூனிவர்சிட்டியில் இருக்கிறது என்று மட்டும் க.விடம் சொன்னேன், மனசுக்குள்.

மார்ச் 28, சனி

புல் எல்லாம் வைக்கோல் மாதிரி. மரத்தடியில் மண். மணியம் தினமும் போன் செய்கிறான். "சாப்ட்டியா" என்று கேட்கிறான். இலை வந்ததா என்று கேட்கவில்லை.

முழங்கால் தைலம் காக் நாவுக்குக் கொடுத்தேன். ராயா பலகாரம் வந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

ராத்திரி மழை பெய்திருக்கிறது. காலையில் துணி எடுத்துக்கொண்டு போனேன்.

குச்சிக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி. முதலில் எறும்புப் புற்று என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, டாக்டர் மாதிரியே குப்புறப் படுத்துப் பார்த்தேன். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முனை. அதை ஒட்டி, உரசிக்கொண்டு, கத்தியால் வெட்டின காம்பின் கட்டை. காய்ந்து நூல் மாதிரி. ஆனால் வெட்டின இடம் நன்றாகத் தெரிகிறது. அந்தக் காம்பேதான்.

இலை இன்னும் விரியவில்லை. விசிறி மாதிரி மடிந்திருக்கிறது. மடிந்திருப்பதால் அடிப்பக்கம்தான் வெளியே.

கத்திரிப்பூ.

கமலா சொன்ன அதே நிறம்.

டாக்டருக்கு இன்னும் போன் செய்யவில்லை. மணியத்துக்கும் இல்லை. ரவிக்கையெல்லாம் மண். கை கழுவிவிட்டுச் செய்யணும்.